பிள்ளைக்கு நெஞ்சு படபடக்கிறது: சத்து மாத்திரையா, இதய டாக்டரா, மனநல ஆலோசனையா?

பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கும் பிள்ளை ஒரு நாள் சாயங்காலம் வந்து “அம்மா, நெஞ்சு படபடன்னு அடிக்குது” என்கிறது. உடனே வீட்டில் ஆளுக்கொரு கருத்து. “சரியா சாப்பிடுறதே இல்ல, ரத்தம் கம்மியா இருக்கும், டானிக் வாங்கிக் குடு” என்பார் பாட்டி. “எதுக்கும் ஹார்ட் டாக்டர்கிட்ட காட்டிடலாம்” என்பார் அப்பா. “ஒண்ணுமில்ல, பரீட்சை டென்ஷன்” என்பார் சித்தப்பா. பக்கத்து வீட்டில் யாராவது முழு உடல் பரிசோதனைக்கு எந்த லேப்பில் தள்ளுபடி என்று சொல்வார்கள்.

இதில் யாரையும் தவறு என்று தள்ள முடியாது. அதுதான் முடிவெடுப்பதைக் கடினமாக்குகிறது. இரத்தசோகை, பதற்றம், இதயத் துடிப்பின் மின்கோளாறு ஆகிய மூன்றும் பிள்ளையின் வாயில் ஒரே வாக்கியமாகத்தான் வெளியே வரும். இரண்டு ஒரே பிள்ளையிடம் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாத்திரை எதையும் தொடங்காமல், பெரிய பேக்கேஜ் எதற்கும் பணம் கட்டாமல், முதலில் குழந்தை மருத்துவரிடமோ பொது மருத்துவரிடமோ போவதுதான் நல்ல வழி. அந்த ஒரே சந்திப்பில் ஒரு இசிஜி, நான்கைந்து இரத்தப் பரிசோதனைகள், பயத்தையும் தூக்கத்தையும் பற்றிய நேரடியான பேச்சு, மூன்றும் நடக்க வேண்டும். மற்ற வழிகளை ஏன் பின்னால் வைக்கிறேன், எப்போது அவற்றை முன்னால் கொண்டுவர வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

காத்திருக்கக் கூடாத நிலைமைகள்

இந்த ஒப்பீடெல்லாம் பொருந்தாத சில பிள்ளைகள் இருக்கிறார்கள். ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கி விழுந்த பிள்ளை. ஓட்டத்தின் நடுவில் நெஞ்சுவலியோடு படபடப்பு வந்த பிள்ளை. திடீர்ச் சத்தத்திலோ நீச்சலிலோ நினைவிழந்த பிள்ளை. குடும்பத்தில் நாற்பது வயதுக்குள் யாராவது காரணம் தெரியாமல் திடீரென்று இறந்திருந்தாலும், பிள்ளைக்கே சிறு வயதில் இதய அறுவை சிகிச்சையோ மூட்டுவாதக் காய்ச்சலோ வந்திருந்தாலும் அதே கணக்குதான். இவர்களை நேராக இதய மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். படபடப்பு நடந்துகொண்டிருக்கும்போதே மூச்சுத் திணறல், முகம் வெளுத்துப்போதல், மயக்கம் வந்தால் அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். 108-ஐ அழைக்கலாம்.

காலை பிரேயரில் வெயிலில் நின்று, கண் இருட்டி, மெதுவாகச் சரிந்து விழுவது வேறு. அது பெரும்பாலும் இரத்த அழுத்தம் கொஞ்ச நேரம் இறங்குவதால் வரும் சாதாரண மயக்கம். அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும், ஆனால் ஓட்டத்தின் நடுவில் விழுவதோடு அதைச் சேர்க்க வேண்டாம்.

முதல் வழி: நேராக மெடிக்கலில் சத்து மாத்திரை

நம் வீடுகளில் அதிகம் நடப்பது இதுதான். அதனால் இதில் கொஞ்சம் நிதானமாக நிற்கிறேன்.

இதன் பின்னால் நியாயம் இருக்கிறது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் ஒவ்வொரு துடிப்பிலும் உடம்புக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கும். மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்வது, சீக்கிரம் சோர்ந்துபோவது, தலைசுற்றல் எல்லாம் அதிலிருந்து வருபவை. இரும்பு மூளைக்கும் தேவை. டோபமைன், செரட்டோனின் ஆகியவற்றை உண்டாக்கும் நொதிகள் இரும்பு இல்லாமல் சரியாக வேலை செய்யாது. தைவானின் மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், இரும்புக் குறைவால் இரத்தசோகை வந்த பிள்ளைகளிடம் பதற்றக் கோளாறு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்பட்டது. ஆக, பாட்டி சொல்வதில் அறிவியல் இருக்கிறது.

ஆனால் இரண்டும் சேர்ந்து காணப்படுவதால் ஒன்றால் மற்றொன்று வந்தது என்று ஆகிவிடாது. பதற்றத்தில் இருக்கும் பிள்ளை காலையில் சாப்பிடாமல் ஓடும், மதிய டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுவரும். அந்தப் பிள்ளைக்கு பதற்றம் முதலில் வந்து, இரும்புக் குறைவு பின்னால் வந்திருக்கலாம்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2016 முதல் 2018 வரை நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், இந்தியாவில் 10 முதல் 19 வயது வரையுள்ள பெண் பிள்ளைகளில் 40 சதவீதம் பேருக்கும் ஆண் பிள்ளைகளில் 18 சதவீதம் பேருக்கும் இரத்தசோகை இருந்தது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் 15-19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம், ஆண்களில் 31.1 சதவீதம். முதல் ஆய்வில் நரம்பில் எடுத்த இரத்தம், இரண்டாவதில் விரல் நுனியில் எடுத்த துளி. வயது வரம்பும் வேறு. அதனால் எண்கள் விலகுகின்றன. குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். படபடப்பு என்று வரும் பத்துப் பெண் பிள்ளைகளில் நான்கு பேருக்கு, படபடப்புக்கும் அதற்கும் தொடர்பே இல்லாவிட்டாலும், இரத்தசோகை இருக்கத்தான் செய்யும். அது ரிப்போர்ட்டில் தெரிந்தவுடன் “காரணம் கிடைத்துவிட்டது” என்று தேடலை நிறுத்திவிடுகிறோம். என் கவலை முழுக்க இந்த இடத்தில்தான்.

எண்ணின் அளவும் முக்கியம். 12 முதல் 14 வயது வரை இருபாலருக்கும், 15-க்கு மேல் பெண்களுக்கும் ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் இரத்தசோகை. 15-க்கு மேல் ஆண்களுக்கு அந்த எல்லை 13. எட்டுக்குக் கீழே இறங்கினால் கடுமையானது. ஏழு, எட்டு என்று இருக்கும் பிள்ளைக்கு நெஞ்சு படபடப்பதில் வியப்பில்லை. 11.5 இருக்கும் பிள்ளை கட்டிலில் சும்மா படுத்திருக்கும்போது நெஞ்சு திடீரென்று அடித்துக்கொண்டால், அந்த 11.5 மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்துவிடக் கூடாது. இரும்பும் கொடுக்க வேண்டும், காரணத்தையும் தேட வேண்டும்.

பரிசோதனைக்கு முன்பே மாத்திரையைத் தொடங்குவதில் இன்னும் சில சிக்கல்கள். தலாசீமியா என்ற பரம்பரை இரத்தக் கோளாறின் மரபுக்கூறு உள்ளவர்களுக்கும் சிவப்பணுக்கள் சிறிதாகவே இருக்கும், ஹீமோகுளோபின் லேசாகக் குறைந்திருக்கும். அவர்களுக்கு இரும்பு குறைவாக இல்லாதபோது மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தும் பயன் இல்லை. உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். பல சத்துகள் கலந்த கேப்ஸ்யூலைக் கொடுத்துவிட்டு லேப்புக்குப் போனால், பி12, இரும்பு அளவுகள் பாதி சரியாகியும் பாதி சரியாகாமலும் தெரிந்து குழப்பும்.

முடி வளர்ச்சிக்கென்று விற்கும் பயோட்டின் மாத்திரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பதின்ம வயதுப் பெண்கள் நிறைய பேர் இப்போது இதை எடுக்கிறார்கள். அதிக அளவு பயோட்டின் இரத்தத்தில் இருந்தால் சில வகைத் தைராய்டு பரிசோதனைகள் தவறாக வரும், இல்லாத தைராய்டு மிகைச் சுரப்பு இருப்பதுபோல் ரிப்போர்ட்டில் தெரியும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே இதை எச்சரித்தது. படபடப்பும் பதற்றமும் தைராய்டு மிகைச் சுரப்பின் முக்கிய அறிகுறிகள் என்பதால், அந்தப் பிள்ளைக்குத் தேவையில்லாத சிகிச்சை தொடங்கும் ஆபத்து உண்டு. இரத்தம் கொடுப்பதற்குச் சில நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். எத்தனை நாள் என்பது அளவைப் பொறுத்தது. டாக்டரிடம் மாத்திரை அட்டையையே காட்டிவிடுங்கள்.

வைட்டமின் டி பாக்கெட்டுக்கும் ஒரு வார்த்தை. 60,000 அலகு பாக்கெட் வாரம் ஒன்று என்று குறிப்பிட்ட வாரங்களுக்குத்தான் எழுதிக் கொடுப்பார்கள். அது தீர்ந்த பிறகும் மெடிக்கலில் வாங்கி மாதக்கணக்கில் குடித்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, தாகம், சோர்வு வரும், துடிப்பின் ஒழுங்கும் கெடலாம். படபடப்புக்கு மருந்து என்று நினைத்துக் கொடுத்தது படபடப்பையே உண்டாக்கலாம்.

மெக்னீசியம் இப்போது இணையத்தில் பதற்றத்துக்கு மருந்தாக வலம் வருகிறது. கடும் வயிற்றுப்போக்கு, தொடர் வாந்தி, பட்டினி, சில மருந்துகள் போன்றவற்றால் மெக்னீசியமும் பொட்டாசியமும் உண்மையிலேயே குறைந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். அது மருத்துவமனையில் கவனிக்க வேண்டிய விஷயம். ஒழுங்காகச் சாப்பிடும் பிள்ளைக்குப் பதற்றம் குறையும் என்று மெக்னீசியம் வாங்கிக் கொடுப்பதற்கு ஆதாரம் பலவீனமானது. உடம்பிலுள்ள மெக்னீசியத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் சீரத்தில் இருப்பதால் சாதாரண இரத்தப் பரிசோதனையும் முழு விவரம் சொல்லாது.

சரி, மாத்திரையே வேண்டாமா என்றால், அப்படி இல்லை. பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற இரும்பு மாத்திரையை, 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளதை, தயங்காமல் போடச் சொல்லுங்கள். அது தடுப்புக்கான அளவு. ஏற்கெனவே சோகை இருக்கும் பிள்ளைக்கு அது போதாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆண்டுக்கு இரு முறை தரும் பூச்சி மாத்திரையையும் தவறவிட வேண்டாம்.

இரண்டாவது வழி: முழு உடல் பரிசோதனை பேக்கேஜ்

இதைச் சீக்கிரம் கடந்துவிடலாம். எழுபது, எண்பது பரிசோதனைகள் என்று விளம்பரம் செய்யும் பேக்கேஜில் படபடப்புக்கு உதவுவது நாலைந்துதான். மீதியில் ஒன்றிரண்டு எப்படியும் எல்லைக்குச் சற்று வெளியே வரும். அவை தடித்த எழுத்தில் அச்சாகி வந்து, ஏற்கெனவே பயந்திருக்கும் பிள்ளையை இன்னும் பயமுறுத்தும். பல பேக்கேஜ்களில் ஃபெரிட்டின் இருக்காது. வீட்டுக்கு வந்து இரத்தம் எடுப்பவரிடம் இசிஜி கருவி இருக்காது. பிள்ளையிடம் நாலு கேள்வி கேட்க ஆளும் இருக்காது.

வைட்டமின் டி இங்கே நல்ல உதாரணம். மேலே சொன்ன தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் வளரிளம் பருவத்தினரில் 24 சதவீதம் பேருக்கு அது குறைவு, பி12 குறைவு 31 சதவீதம், ஃபோலேட் குறைவு 37 சதவீதம். எதைத் தேடினாலும் ஏதோ ஒன்று குறைவாக இருக்கும். குறைவைச் சரிசெய்வது உடம்புக்கு நல்லது, எலும்புக்கும் நரம்புக்கும் நல்லது. அதனால் படபடப்பு போய்விடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் கிடைக்கும்.

மூன்றாவது வழி: நேராக இதய மருத்துவர்

பெற்றோரின் மனநிம்மதிக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பது உண்மை. இதை நான் குறைத்துச் சொல்லவும் மாட்டேன். காரணம், எஸ்விடி எனப்படும் ஒரு வகை மின்கோளாறு. இதயத்தில் மின்சாரம் போகும் பாதையில் கூடுதலாக ஒரு வழி பிறவியிலேயே இருக்கும். சில நேரம் மின்துடிப்பு அந்தச் சுற்றில் மாட்டிக்கொள்ளும். துடிப்பு சட்டென்று நிமிடத்துக்கு 180, 200 என்று ஏறி, கொஞ்ச நேரம் ஓடி, அதே வேகத்தில் இறங்கிவிடும். அந்த நேரத்தில் யாருக்குத்தான் பயம் வராது? வியர்க்கும், கை நடுங்கும், செத்துவிடுவோமோ என்று தோன்றும். டாக்டரிடம் போய்ச் சேருவதற்குள் எல்லாம் சரியாகிவிடும். “பயந்துட்டா, வேற ஒண்ணுமில்ல” என்று அனுப்பிவிடுவார்கள்.

1997-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. எஸ்விடி உறுதியான 107 பேரைப் பின்னோக்கி ஆராய்ந்தபோது, அவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேரின் அறிகுறிகள் திடீர்ப் பயம் திரும்பத் திரும்ப வரும் பீதிக் கோளாறின் வரையறைக்கும் பொருந்தின. முதல் பரிசோதனையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இதயக் கோளாறு பிடிபடவில்லை. அப்படித் தவறவிடப்பட்டவர்களில், பெண்களுக்குத்தான் பதற்றம் என்ற முத்திரை அதிகம் விழுந்தது. பெண் பிள்ளை படபடப்பு என்றால் உடனே டென்ஷன் என்று முடிவு கட்டுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். எஸ்விடி பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லாதது, அந்தக் கூடுதல் வழியை அடைக்கும் அபலேஷன் என்ற சிகிச்சையால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முழுமையாகக் குணமாகிறார்கள். கண்டுபிடிக்காமல் விடுவதுதான் நஷ்டம்.

அப்படியானால் ஏன் நேராக இதய மருத்துவரிடம் போகச் சொல்லவில்லை? ஒன்று, அங்கே முதலில் எடுக்கப்போகும் இசிஜி எந்த அரசு மருத்துவமனையிலும் எடுப்பதுதான். வுல்ஃப் பார்க்கின்சன் ஒயிட் போன்ற கூடுதல் பாதை, கியூடி நீட்சி என்ற மின்கோளாறு போன்றவை சும்மா இருக்கும்போது எடுத்த இசிஜியிலேயே பெரும்பாலும் தெரியும். அதில் ஏதாவது இருந்தால் இதய மருத்துவருக்குக் கடிதம் எழுதித் தருவார்கள். இரண்டு, பலர் போனதும் கேட்பது எக்கோ. எக்கோ இதயத்தின் அமைப்பைக் காட்டும், வால்வு, சுவர், ஓட்டை இவற்றைக் காட்டும். துடிப்பின் மின்கோளாறை அது காட்டாது. “எக்கோ நார்மல்” என்ற தாளை வைத்துக்கொண்டு எஸ்விடி இல்லை என்று நம்பிவிடுகிறார்கள். துடிப்பைத் தொடர்ந்து பதியும் ஹோல்டர் கருவியை 24 மணி நேரம் மாட்டுவதும் படபடப்பு தினமும் வருகிற பிள்ளைக்குத்தான் உதவும். மாதம் ஒரு முறை வருகிற பிள்ளைக்கு அந்த ஒரு நாளில் ஒன்றும் பதிவாகாது. அவர்களுக்கு நாள்கணக்கில் மாட்டும் பதிவுக் கருவி வேண்டும், அல்லது படபடப்பு வரும்போதே பக்கத்து மருத்துவமனைக்கு ஓடிப்போய் ஒரு இசிஜி எடுத்துவிட வேண்டும். அந்த ஒரு தாள் பத்து எக்கோவைவிட மதிப்புள்ளது.

மூன்றாவது காரணம் பிள்ளையின் மனம். பதற்றம் உள்ள பிள்ளையை இதய மருத்துவர், எக்கோ, டிரெட்மில், ஹோல்டர் என்று மாற்றி மாற்றி அலைக்கழித்தால், “எனக்கு இதயத்துல ஏதோ இருக்கு, சொல்ல மாட்டேங்குறாங்க” என்ற எண்ணம் வேரூன்றிவிடும். இசிஜி ரிப்போர்ட்டில் சைனஸ் அரித்மியா என்று அச்சாகி வருவதைப் பார்த்து அழுத வீடுகள் உண்டு. மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாவதும் விடும்போது மெதுவாவதும்தான் அது. இளம் பிள்ளைகளிடம் அது ஆரோக்கியத்தின் அடையாளம்.

கைக்கடிகாரத்தில் துடிப்பைப் பார்ப்பது பற்றியும் கேட்கிறார்கள். எண்ணிக்கை தெரிய உதவும், ஆனால் ஆப்பிள் கடிகாரத்தின் இசிஜி வசதியே 22 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்றுதான் வெளியிடப்பட்டிருக்கிறது. பதற்றமுள்ள பிள்ளை அரை மணிக்கு ஒரு முறை அதைப் பார்க்கத் தொடங்கினால் கழற்றி வைப்பதே மேல்.

நான்காவது வழி: டென்ஷன் என்று வைத்துக்கொண்டு மனநல ஆலோசனை

இது இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்று, “டென்ஷன்தான்” என்று சொல்லி ஒன்றுமே செய்யாமல் விடுவது. அதை ஒரு வழியாகவே எண்ண வேண்டாம். மற்றது, உண்மையாகவே உளவியல் ஆலோசகரிடமோ மனநல மருத்துவரிடமோ அழைத்துப் போவது. படபடப்பு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கினால், தேர்வு, பள்ளி, வகுப்பில் எழுந்து பேசுவது, ஞாயிறு இரவு என்று ஒரு சூழலோடு ஒட்டி வந்தால், கூடவே விரல் நுனியிலும் வாயைச் சுற்றியும் மரத்துப்போவது, மூச்சு போதாத உணர்வு, தொண்டையில் அடைப்பு இருந்தால், பதற்றத்தின் பக்கம் தராசு சாயும். பீதித் தாக்குதல் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கிவிடும். அந்தப் படபடப்பும் நிஜமானது, அட்ரினலின் நிஜமாகவே சுரக்கிறது, துடிப்பு நிஜமாகவே கூடுகிறது. “நடிக்காதே” என்று சொல்வது பிள்ளையை வாய் மூடவைக்கும், வேறொன்றும் செய்யாது.

சிகிச்சையால் பலன் உண்டா? 2008-ல் அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையுள்ள 488 பிள்ளைகளிடம் நடந்த பெரிய சோதனையில், எண்ணப் பழக்கங்களை மாற்றும் பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 60 சதவீதம் பேரும், செர்ட்ராலின் என்ற மனநல மாத்திரை பெற்றவர்களில் 55 சதவீதம் பேரும், இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 81 சதவீதம் பேரும் நன்கு முன்னேறினார்கள். மருந்தே இல்லாத போலி மாத்திரை பெற்றவர்களில் 24 சதவீதம். பதற்றத்துக்கு இந்த அளவு ஆதாரம் எந்தச் சத்து மாத்திரைக்கும் கிடையாது. பேச்சுச் சிகிச்சையை ஒதுக்கிவிட்டு மெக்னீசியத்துக்குப் பணம் கட்டும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆனாலும் இதை முதல் படியாக வைக்கத் தயங்குகிறேன். ஆலோசகர் இசிஜி எடுக்க மாட்டார், இரத்தம் பார்க்க மாட்டார். ஹீமோகுளோபின் ஏழு இருக்கும் பிள்ளைக்கோ, தைராய்டு கூடியிருக்கும் பிள்ளைக்கோ மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்து மூன்று மாதம் போய்விடக் கூடாது. நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைகிறதா, கை நடுங்குகிறதா, வெயில் தாங்கவில்லையா, கழுத்து வீங்கியிருக்கிறதா என்று கவனித்தால் தைராய்டுக்கு டிஎஸ்எச் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

தூங்குவதற்கோ பதற்றத்துக்கோ வீட்டுப் பெரியவரின் அல்பிரசோலம் மாத்திரையில் பாதி கொடுப்பதும், யாரோ சொன்னார்கள் என்று துடிப்பைக் குறைக்கும் புரொப்ரனலால் மாத்திரையை வாங்கிக் கொடுப்பதும் கூடவே கூடாது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குப் புரொப்ரனலால் மூச்சையே இறுக்கிவிடும்.

நான் தேர்ந்தெடுக்கும் வழி

டாக்டரிடம் போவதற்கு முன் வீட்டில் செய்யக்கூடிய சிறு வேலை ஒன்று. படபடப்பு வரும்போது மணிக்கட்டில் விரல் வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். எண்ண முடியாத வேகம் என்றால் அதுவே ஒரு தகவல். அப்புறம் பிள்ளையை மேசைமேல் விரலால் தட்டிக் காட்டச் சொல்லுங்கள்: எப்படி அடித்தது, ஒழுங்காகவா, இடையில் விட்டு விட்டா? எப்படித் தொடங்கியது என்றும் கேளுங்கள். சுவிட்ச் போட்டதுபோல் சட்டென்று தொடங்கி அதேபோல் சட்டென்று நின்றால் எஸ்விடியை நினைக்க வேண்டும். ஒரு துடிப்பு விட்டுப்போய் அடுத்தது பலமாக உதைத்ததுபோல் இருந்தால் பெரும்பாலும் கூடுதல் துடிப்பு, ஆரோக்கியமான இதயத்தில் அது தீங்கில்லாதது. எழுந்து நின்றால்தான் வருகிறது என்றால், படுத்திருக்கும்போது ஒரு முறையும் எழுந்து நின்று பத்து நிமிடத்துக்குள் ஒரு முறையும் துடிப்பை எண்ணிப் பாருங்கள். 12-19 வயதில் 40-க்கு மேல் தொடர்ந்து கூடினால் பாட்ஸ் என்ற நிலை பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். தண்ணீர் சரியாகக் குடிக்காத பிள்ளைக்கும், பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீரைத் தொடாத பெண் பிள்ளைக்கும் நின்றால் படபடப்பது மிகச் சாதாரணம்.

என்னென்ன உள்ளே போகிறது என்பதையும் எழுதுங்கள். இரவு படிக்க எத்தனை காபி, எந்த எனர்ஜி டிரிங்க், சளிக்கு எந்த மாத்திரை, ஆஸ்துமாவுக்கு எத்தனை பஃப் சால்பூட்டமால். 250 மில்லி எனர்ஜி டிரிங்க் டப்பாவில் 75 மில்லிகிராம் அளவு கஃபீன் இருக்கும். இரண்டு டப்பாவோடு ஒரு டம்ளர் ஃபில்டர் காபியும் சேர்ந்தால் எந்த நெஞ்சும் படபடக்கும். சிகரெட், வேப் பற்றி பிள்ளை உங்களிடம் சொல்லாமல் இருக்கலாம். அதற்காகத்தான் டாக்டரிடம் “கொஞ்ச நேரம் பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள்” என்று நீங்களே கேட்டுக்கொண்டு வெளியே போய் உட்கார வேண்டும். பள்ளியில் யாராவது கேலி செய்கிறார்களா, வீட்டில் பயமா, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்பதெல்லாம் அம்மா அப்பா எதிரில் வாயில் வராது.

இரத்தப் பரிசோதனையில் நான் கேட்பது முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், டிஎஸ்எச், சர்க்கரை. வாந்தி, பேதி, பட்டினி இருந்தால் பொட்டாசியமும் மெக்னீசியமும். சைவம் மட்டும் சாப்பிடும் பிள்ளைக்கும், பிசிஓடி எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுக்கும் பிள்ளைக்கும் பி12. ஃபெரிட்டின் 15-க்குக் கீழே இருந்தால் இரும்பு இருப்பு தீர்ந்துவிட்டது என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு. 30-க்குக் கீழேயே சிகிச்சை தொடங்கும் டாக்டர்களும் உண்டு. காய்ச்சல், தொற்று இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயரும் என்பதால் காய்ச்சல் விட்டபின் பாருங்கள். இவை எல்லாமே அரசு மருத்துவமனைக்குப் போனால் பெரும்பாலும் செலவில்லாமல் முடியும். வெளியே என்றாலும் பேக்கேஜைவிடவும் எக்கோவைவிடவும் குறைவாகத்தான் ஆகும்.

பெண் பிள்ளை என்றால் மாதவிடாயைப் பற்றிக் கேட்காமல் இரும்பு மட்டும் கொடுப்பது ஓட்டை அடைக்காமல் நிரப்பும் வேலை. ஏழு நாளுக்கு மேல் போகிறதா, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பேட் மாற்ற வேண்டியிருக்கிறதா என்று கேளுங்கள். 16-18 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 32 மில்லிகிராம் இரும்பு தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை சொல்கிறது. பீட்ரூட் ஜூஸ் நிறத்தால் நம்மை நம்பவைக்கிறது, 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. ஈரல், கறி, மீன், கம்பு, பயறு, கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ என்று போனால் பலன் தெரியும். சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும்.

பரிசோதனை முடிவில் என்ன வந்தால் எந்தப் பக்கம் திரும்புவது? இசிஜியில் சந்தேகம் இருந்தால் இதய மருத்துவர்; சட்டென்று தொடங்கி நிற்கும் வகையாக இருந்தால், இசிஜி சரியாக இருந்தாலும்கூட இதய மருத்துவர்தான். சோகையோ தைராய்டோ தெரிந்தால் அதற்குச் சிகிச்சை, பதற்றத்தின் அறிகுறிகள் இருந்தால் ஆலோசனையும் அதே வாரத்தில். இரும்பு ஏறட்டும், பிறகு மனதைப் பார்க்கலாம் என்று மூன்று மாதம் தள்ளிப்போட வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தால் பிள்ளையின் எதிரிலேயே டாக்டரை இசிஜி தாளைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள், பிறகு தயங்காமல் ஆலோசனைக்குப் போங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. தொலைவு என்றால் 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் அரசின் டெலி மானஸ் எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இரும்பு தொடங்கினால் ஒரு விஷயம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தால் உடம்பு எடுத்துக்கொள்ளும் விகிதம் கூடுகிறது என்று 2017-ல் சுவிட்சர்லாந்தில் இளம் பெண்களிடம் நடந்த ஆய்வு காட்டியது. வயிற்றெரிச்சல் என்று மாத்திரையை நிறுத்தும் பிள்ளைக்கு இந்த முறை ஒத்துவருமா என்று டாக்டரைக் கேட்கலாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராம் அளவாவது ஏறியிருக்க வேண்டும். அளவு சரியான பிறகும் இருப்பு நிரம்ப மூன்று மாதம் வரை தொடர்வார்கள். அந்த நான்காவது வாரப் பரிசோதனையில் எண் நன்றாக ஏறியிருந்தும் படபடப்பு அப்படியே இருந்தால், மாத்திரையின் அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்காமல், நாள்கணக்கில் மாட்டும் துடிப்புப் பதிவுக் கருவி தேவையா, பதற்றத்துக்கான சிகிச்சையைத் தொடங்கலாமா என்ற இரண்டு கேள்விகளையும் டாக்டரிடம் கேளுங்கள்.